பழைய 21 சீட்டு வித்தைக்குப் புது உயிர்!

முழுப் பரீட்சை லீவு விட்டாச்சு. ஊரிலிருந்து அத்தை பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் வந்து இறங்கியாச்சு. கரன்ட் போன ஒரு சாயங்காலம் யாராவது ஒரு சீட்டுக்கட்டை எடுத்து வருவார்கள். "ஒரு மேஜிக் காட்டட்டுமா?" என்று ஒரு வாண்டு ஆரம்பிக்கும். அடுத்த நொடியே, "21 சீட்டுதானே? தெரியும் போடா" என்று ஒரு குரல் வரும். அத்தோடு அந்தக் குழந்தையின் முகம் சுருங்கிவிடும்.

சீட்டு வித்தை கற்றுக்கொள்ளும் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் அரிச்சுவடி. கை வேகம் வேண்டாம், சீட்டை ஒளிக்க வேண்டாம். ஆனால் எல்லோருக்கும் தெரிந்துபோனதால் அலுத்துவிட்டது. உண்மையில் அலுப்பு வித்தையில் இல்லை, காட்டும் விதத்தில்தான்.

வித்தை என்ன?

21 சீட்டில் ஒன்றை ஒருவர் மனதில் நினைத்துக்கொள்வார். சீட்டுகளை முகம் தெரியும்படி மூன்று வரிசையாகப் போட வேண்டும். முதல் வரிசைக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்று, மூன்றாவதற்கு ஒன்று, மறுபடி முதல் வரிசை என்று போட்டுக்கொண்டே வந்தால் வரிசைக்கு 7 சீட்டு வரும். "உங்க சீட்டு எந்த வரிசையில் இருக்கு?" என்று கேட்டு, அவர் காட்டும் வரிசையை மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்து அடுக்க வேண்டும். இப்படி மூன்று முறை செய்தால், நினைத்த சீட்டு 11-வது இடத்துக்கு வந்துவிடும்.

காரணம் எளிது. முதல் முறை நடுவில் வைத்ததும் அந்தச் சீட்டு 8 முதல் 14-க்குள் வந்துவிடுகிறது. மறுபடி மூன்று வரிசையாகப் போடும்போது அந்த ஏழும் வரிசைகளின் 3, 4, 5-வது இடங்களுக்குப் பிரிகின்றன. இரண்டாவது முறை நடுவில் வைத்தால் 10, 11, 12 என்று மூன்றே இடம்தான் மிச்சம். மூன்றாவது முறை போடும்போது அந்த மூன்றும் வரிசைக்கு ஒன்றாக, சரியாக 4-வது இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எங்கே சொதப்புகிறோம்?

ஒரே கேள்வியை ஒரே குரலில் மூன்று தடவை கேட்கிறோம். பிறகு எல்லோர் கண்ணெதிரிலும், ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு 11 வரை எண்ணுகிறோம். எண்ணினாலே ஏதோ கணக்கு என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு சின்ன மாற்றம் செய்யுங்கள்.

முதலாவது, சீட்டைப் போடும் வேலையை எதிரில் இருப்பவரிடமே கொடுத்துவிடுங்கள். "நான் தொடவே மாட்டேன், நீங்களே போடுங்க மாமா" என்று சொன்னாலே பாதி சந்தேகம் போய்விடும். அடுக்கும்போது மட்டும் நீங்கள் கை வைத்தால் போதும்.

இரண்டாவது, எண்ணாதீர்கள், எழுத்துக் கூட்டுங்கள். மூன்றாவது முறை அடுக்கி முடித்ததும் கட்டைக் கவிழ்த்து வைத்து, "உங்கள் சீட்டு இதுதான்" என்ற வாக்கியத்தை எழுத்து எழுத்தாகச் சொல்லி, எழுத்துக்கு ஒரு சீட்டாக எடுத்து வையுங்கள். உ, ங், க, ள், சீ, ட், டு, இ, து, தா, ன். மொத்தம் 11 எழுத்து. 'ன்' வரும்போது கையில் இருக்கும் சீட்டைத் திருப்பினால், அவர் நினைத்தது அதுதான்!

27 நட்சத்திரம், 27 சீட்டு

இந்த வித்தைக்கு ஓர் அண்ணனும் உண்டு. அதற்கு 27 சீட்டு வேண்டும். ஃபிரான்ஸ் நாட்டுக் கணித அறிஞர் ஜெர்கோன் 1813-14 வாக்கில் இதை ஆராய்ந்து எழுதினார். அதனால் இன்றும் இதற்கு அவர் பெயர்தான். அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர், கணக்கையும் மேஜிக்கையும் சேர்த்து 1956-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விளக்கியிருக்கிறார்.

21-ல் சீட்டு எப்போதும் நடுவுக்குத்தான் வரும். 27-ல் அதை நாம் விரும்பும் இடத்துக்குக் கொண்டுபோகலாம். 27 என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது நட்சத்திரம்தானே? அதையே கதையாக்கிவிடலாம்.

ஒருவர் சீட்டை நினைத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் தனக்குப் பிடித்த நட்சத்திரம் ஒன்றைச் சொல்லட்டும். திருவோணம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அசுவினி, பரணி என்று எண்ணினால் அது 22-வது.

இனி மனக்கணக்கு. காட்டப்பட்ட வரிசையை அடுக்கில் எங்கே வைக்கிறோம் என்பதற்கு மதிப்பெண் உண்டு:

- முதல் முறை: மேலே 0, நடுவில் 1, கீழே 2
- இரண்டாம் முறை: மேலே 0, நடுவில் 3, கீழே 6
- மூன்றாம் முறை: மேலே 0, நடுவில் 9, கீழே 18

வேண்டிய எண்ணில் ஒன்றைக் கழித்து, மீதி வரும்படி வைக்க வேண்டும். 22-ல் ஒன்று போனால் 21. அதாவது 0 + 3 + 18. முதலில் மேலே, அடுத்து நடுவில், கடைசியில் கீழே. அவ்வளவுதான்! 14-வதான சித்திரைக்கு 1 + 3 + 9, மூன்று முறையும் நடுதான்.

ஒரு எச்சரிக்கை. அடுக்கும்போது ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே ஒன்றுசேர்த்துக் கவிழ்த்த பிறகே ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள். வரிசையில் முதலில் போட்ட சீட்டு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

கடைசியில் பாட்டியை விட்டு, "அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி..." என்று சொல்லச் சொல்லுங்கள். பெயருக்கு ஒரு சீட்டாக எடுத்து வையுங்கள். "திருவோணம்" என்று பாட்டி சொல்லும்போது நினைத்த சீட்டு வந்து நிற்கும். மனப்பாடமாகத் தெரிந்த வரிசைக்கு ஒரு வேலை கிடைத்ததில் பாட்டிக்கும் குஷி. பேரப்பிள்ளைகளுக்கு 27 பெயரும் காதில் விழும்.

இதையும் மறக்க வேண்டாம்

'பிறந்த நட்சத்திரம்' கேட்காமல் 'பிடித்த நட்சத்திரம்' கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூலம், ஆயில்யம், கேட்டை என்ற பெயர்களாலேயே வரன் தட்டிப்போன பெண்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். நாலு பேர் நடுவில் அதைச் சொல்ல வைத்தால், விளையாட்டு என்றாலும் வலிக்கும்.

அதேபோல, சீட்டு சரியாக வந்ததும் "பார்த்தீங்களா, நட்சத்திரப் பலன்!" என்று அளக்கக் கூடாது. "இது ஜோசியம் இல்லை பாட்டி, வித்தை" என்று சொல்லிவிட வேண்டும். எப்படி என்பதை மட்டும் சொல்ல வேண்டாம். திருவிழாவில் மூணு சீட்டு போடுகிறவன், ஏமாறுவது தெரியாதவரின் பணத்தைப் பறிக்கிறான். மேஜிக் காட்டுபவர், ஏமாறச் சம்மதித்து ஆசையாக உட்கார்ந்திருப்பவரைச் சிரிக்க வைக்கிறார். "வீட்டில் சீட்டா?" என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கும் இந்த வித்தியாசம் புரியும்.

தனியாகப் பத்து முறையாவது செய்து பார்த்துவிட்டுக் கூட்டத்தின் முன் உட்காருங்கள். "இன்னொரு தடவை!" என்று கெஞ்சினாலும் அதே ஆட்களுக்கு அன்றைக்கே திரும்பக் காட்டாதீர்கள். இந்த லீவில் உங்கள் வீட்டு வாண்டு "மேஜிக் காட்டட்டுமா?" என்று வந்தால், தெரிந்த வித்தையாகவே இருந்தாலும் ஒரு சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.