கூலி கேட்காத தேனீயைக் கொன்றுவிட்டு யாரிடம் போய் நிற்பது?



உர விலை, கரும்பு பாக்கி, கொள்முதல் நிலையத்து எடை மோசடி என்று எத்தனையோ பிரச்சினைக்கு நோட்டீஸ் போட்டிருக்கிறோம். இந்தத் தடவை தேனீக்காகப் போடுகிறோம். 'சங்கத்துக்காரங்களுக்கு வேற வேலை இல்லையா?' என்று சிரிக்காதீர்கள். முழுசாகப் படியுங்கள். இதுவும் நம்ம வயிற்றுப் பிரச்சினைதான்.

போன வருஷம் நம்ம ஊரில் நடந்தது. சங்க உறுப்பினர் ஒருவர் அரை ஏக்கரில் பாகல் பந்தல் போட்டு, ஓரத்தில் நாலு தேனீப் பெட்டியும் வைத்திருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் வெள்ளரி. நல்லா பூவெடுத்திருந்த நேரம். அசுவினிக்காகக் காலை ஒன்பது மணிக்கு மருந்து அடித்தார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பெட்டி வாசலில் ஈக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன. இரண்டு பெட்டி காலி. அதற்கப்புறம் வந்த காயெல்லாம் கோணலும் சூம்பலும். மண்டியில் கழிவு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

மருந்து அடித்தவர் நமக்கு எதிரியா? இல்லை. அவரும் நம்ம சங்கத்து ஆள்தான். கடையில் என்ன கொடுத்தார்களோ அதை அடித்தார். அவருடைய வெள்ளரியிலும் பிஞ்சு நிற்கவில்லை. ஆக இரண்டு பேருக்கும் நட்டம். மருந்து விற்றவருக்கு மட்டும் நட்டம் இல்லை!

தேனீ செய்கிற வேலை

தேனீ என்றாலே தேன்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. தேன் அது தருகிற கூலியில் ஒரு சில்லறை. அசல் வேலை வேறு.

பாகல், பூசணி, வெள்ளரி, தர்பூசணி எல்லாவற்றிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மகரந்தம் பிசுபிசுப்பாக இருக்கும், காற்று அதைத் தூக்காது. பெண்பூ விரிந்திருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள் யாராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். அரைகுறையாகச் சேர்ந்தால் காய் கோணும். தென்னை, முருங்கை, எள், மல்லி எல்லாவற்றுக்கும் தேனீ வந்தால்தான் காய்ப்பு கூடும்.

சூரியகாந்திக்கு எக்டேருக்கு ஐந்து தேனீப் பெட்டி வையுங்கள், இல்லையென்றால் காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் பூவை மெல்லிய துணியால் தேய்த்து விடுங்கள் என்று வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தேனீ வந்தால் சும்மா, ஆள் வந்தால் கூலி. இன்றைக்கு இருக்கிற கூலியில் ஒவ்வொரு பூவாகத் தேய்க்க நம்மால் முடியுமா?

சீனாவில் சிச்சுவான் மாநிலத்து ஹான்யுவான் வட்டாரத்தில் பேரிக்காய் விவசாயிகள் மரத்துக்கு மரம் ஏறி, குச்சியில் கோழியிறகைக் கட்டி, பூவுக்குப் பூ மகரந்தம் தடவினார்கள். அங்கே ஓயாமல் மருந்து அடித்ததில் தேனீ வளர்ப்பவர்கள் அந்தப் பக்கமே பெட்டி கொண்டுவரத் தயங்கினார்கள். அந்த நிலைமை நமக்கு வரவேண்டுமா?

தேனீ மட்டுமில்லை. கத்தரிப்பூவைப் பிடித்துக்கொண்டு கருவண்டு ரீங்காரம் போடும், பார்த்திருப்பீர்கள். அந்த அதிர்வில்தான் மகரந்தம் கொட்டும். அந்த வண்டு குடியிருப்பது பட்டமரத்திலும் மூங்கிலிலும். வேலி மரத்தை வெட்டி, வரப்பில் களைக்கொல்லி அடித்தால் அதுவும் போச்சு.

நெல்லும் சோளமும் கேழ்வரகும் தேனீ இல்லாமலே விளையும், உண்மைதான். ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பும். ஆனால் வெறும் சோற்றில் பிள்ளைகளுக்குச் சத்து வருமா? காயும் கனியும் எண்ணெய் வித்தும் வேண்டாமா? உலகத்தின் முக்கிய உணவுப் பயிர்களில் நாலில் மூன்று பங்கு, கூடவோ குறையவோ, தேனீ மாதிரி பூச்சிகளையும் பறவைகளையும் நம்பித்தான் இருக்கிறது. காட்டில் விதை விழுந்து மரம் முளைப்பதும் இவற்றால்தான். தேனீ அழிந்தால் முதலில் காய்கறி விலை ஏறும். அந்த விலையும் நமக்கு வராது, வியாபாரிக்குத்தான் போகும்.

அரசு என்ன செய்கிறது?

1990-களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காலி பண்ணியது. அது நோய், யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. இன்றைக்கு நடப்பது அப்படியா? லைசென்ஸ் கொடுத்து, பில் போட்டு விற்கிறார்கள்!

இமிடாகுளோப்ரிட், குளோத்தியானிடின், தயாமீத்தாக்சம் ஆகிய மூன்றையும் திறந்த வயலில் பயன்படுத்தக் கூடாது என்று 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. காரணம் தேனீதான். இங்கே அவை கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. 2020-ல் மத்திய அரசு 27 மருந்துகளைத் தடை செய்வதாக வரைவு உத்தரவு போட்டது. அவற்றில் பல தேனீக்கு நஞ்சு என்று அதிலேயே எழுதியிருந்தது. 2023-ல் இறுதி உத்தரவு வந்தபோது ஒரு சில மருந்துக்கு மட்டும்தான் தடை. மற்றதெல்லாம் தப்பித்துக்கொண்டது.

அதே 2020-ல் தேனீ வளர்க்க 500 கோடி ரூபாயில் தேசிய இயக்கம் என்றும் அறிவித்தார்கள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் விஷம். இது என்ன நியாயம்?

நம் கோரிக்கைகள்

1. தேனீயைக் கொல்லும் மருந்துகளைப் பூக்கும் பயிருக்கு அடிக்கத் தடை விதி!
2. மருந்து டப்பாவில் 'தேனீயைக் கொல்லும்' என்று பெரிய தமிழ் எழுத்தில் அச்சிடு!
3. மருந்தால் தேனீப் பெட்டி இழந்த விவசாயிக்கு இழப்பீடு கொடு!
4. சிறு, குறு விவசாயிக்கு முழு மானியத்தில் பெட்டியும் பயிற்சியும் கொடு!
5. சாலை போட வெட்டிய புளிக்கும் வேம்புக்கும் பதிலாக ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் புங்கும் நாவலும் நடு!

நாம் செய்ய வேண்டியது

அரசைக் கேட்கிற நாம் நம் கையையும் பார்க்க வேண்டும். தேனீக்குப் பட்டா கிடையாது, வரப்பும் தெரியாது. ஒருத்தர் தோட்டத்துப் பெட்டி ஊர்ப் பூவெல்லாம் சுற்றி வருகிறது. அதனால் ஒருத்தர் மட்டும் திருந்தினால் போதாது, ஊர் கூடி முடிவெடுக்க வேண்டும். பூத்த பயிருக்கு மருந்து வேண்டாம். தவிர்க்க முடியாமல் அடித்தால் ஈ கூட்டுக்குத் திரும்பிய பிறகு, பொழுது சாய்ந்து அடிப்போம். அடிப்பதற்கு முதல் நாளே பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொல்லிவிடுவோம். ட்ரோன்காரருக்கும் இதே கட்டுப்பாடுதான். மரத்திலோ தண்ணித் தொட்டியிலோ கட்டிய கூட்டுக்குத் தீ வைக்காமல், பிடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுவோம்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடுவோம். அந்தத் தீர்மானத்தோடு கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்குத் திரளாகப் போவோம். வெள்ளரிக்காரரும் பாகல்காரரும் ஒன்றாக வந்தால்தான் இந்தக் குரல் எடுபடும்.

பூவைக் காப்போம்! தேனீயைக் காப்போம்! நம் பிழைப்பைக் காப்போம்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!