மாட்டுக்கொட்டிலுக்கு முதலில் வேண்டுவது வடிகாலே

மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதியின் கருங்களிமண் நெல்லுக்கு உகந்தது. மாட்டுக்கொட்டிலுக்கோ பெருந்தொல்லை தருவது. இத்தகைய நிலத்திற் கொட்டிலமைக்கும் கமக்காரர் பலர் பணத்தைக் கூரைக்கே செலவிடுகின்றனர். கூரைக்கு முன்னர் வடிகாலை வெட்டுதல் வேண்டும் என்பதே எமது கருத்து. மேலிருந்து விழும் மழையைக் கூரை தடுக்கும். நிலத்தின்மேல் ஓடிவரும் வெள்ளத்தை அது தடுக்காது.

இம்மண் ஏமாற்றும் இயல்புடையது. கோடையில் ஆழமாக வெடிக்கின்றது. முதல் மழைநீர் அவ்வெடிப்புகளினூடே விரைந்து இறங்குதலால், நிலம் நீரை நன்கு உறிஞ்சுவதாகத் தோன்றும். பின்னர் களி நீரை ஏற்று வீங்க, வெடிப்புகள் மூடிக்கொள்ளும்; அதன்பின் நீர் கீழிறங்குவது அரிது. ஆதலின் கொட்டிலருகே குழி தோண்டி நீரை அதனுள் விடுவதாற் பயனில்லை. அக்குழி மாரி முழுவதும் நிறைந்தே நிற்கும். வெளியேற வழியில்லாத கான் வடிகாலன்று, குட்டையே.

கொட்டிலின் மேட்டுப்புறத்தில், வரும் நீரை மறிக்கும் கானை முதலில் வெட்டுக. வெட்டிய மண்ணைக் கொட்டிற்பக்கம் வரம்பாக இட்டு இறுக்குக. கானுக்கு 100 அடி நீளத்துக்கு 1 அடி வீழ்ச்சி இருத்தல் நன்று. களி சரியுமாதலால் பக்கங்களைச் செங்குத்தாக விடாது சாய்வாக அமைக்குக. கொட்டிற்றரையைச் சுற்றுநிலத்திலும் 9 அங்குலமாவது உயர்த்திக் கிறவலிட்டு இடித்து இறுக்குக.

காலமும் அறிதல் வேண்டும். கடுங்கோடையில் இம்மண்ணில் அலவாங்கும் எளிதில் இறங்காது. மாரியிலோ மண்வெட்டியில் ஒட்டிய மண் விழாது. பருவமழைக்கு முன் பெய்யும் சிறு மழைகளால் மண் சற்றே ஈரமுறும் சில நாட்களே வெட்டுதற்கு ஏற்றவை.

மாட்டுக்காக இத்தனை உழைப்போ என வினவுவாருளர். இடைவிடாது சேற்றில் நிற்கும் மாட்டின் குளம்பு மென்மையுறும். குளம்பிடையே புண் உண்டாகிக் கிருமிகள் புகும். நொண்டும் பசு நன்கு மேயாது, பாலும் குறையும். சேற்றிற் படுக்கும் பசுவுக்கு மடியழற்சியும் எளிதில் வரும். மருந்து புண்ணை ஆற்றலாம். சேறு நீங்காவிடிற் புண் மீண்டும் வரும்.

கானின் நீரை அயலவர் வளவுக்குள் விடுதல் முறையன்று. அயலவர் கூடிப் பொதுவாய்க்கால்வரை ஒரே கானாக வெட்டுவரேல் உழைப்புப் பாதியாகும். இருவர் கொட்டில்களும் உலர்ந்திருக்கும். ஆகவே மாரி நெருங்குகையிற் கூரையை மட்டுமன்றிக் கானின் வாயையும் பார்த்துத் துப்பரவாக்குக.