மழைக்குக் குறைவில்லை, தொட்டிக்குத்தான் பஞ்சம்

(நமது பகுதி நேர நிருபர்)

ஸ்ரீ விஜயபுரம்: 2024 செப்டம்பரில் பெயர் மாறியும் நம்மவர் வாயில் இன்னும் போர்ட் பிளேராகவே இருக்கும் இந்நகரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இருந்தும், ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறட்சி மாதங்களில் இரண்டு நாளுக்கு ஒரு முறை, மூன்று நாளுக்கு ஒரு முறை என்று குழாயில் தண்ணீர் விடும் நிலை பல ஆண்டுகளில் வந்திருக்கிறது. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க நகரம் தயாராகிறதா என்று கேட்பவர்கள் முதலில் இந்தக் குழாயடிக்கு வரவேண்டும்.

காரணம் எளியது. நகரம் மேடும் பள்ளமுமானது. பெய்த மழை சரிவில் இறங்கிச் சில மணி நேரத்தில் கடலில் கலந்துவிடுகிறது. பெரிய ஆறு கிடையாது. 1973-ல் கட்டப்பட்ட தனிகாரி அணைதான் பிரதான ஆதாரம். 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்த நகரம் இது. மழை இரண்டு வாரம் தாமதித்தால் கைகொடுக்க வேறு இடமில்லை. 2019 ஜூலையில் சென்னை தவித்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இங்கு முன்பதிவு அலுவலகம் இருக்கிறதே தவிர, தண்டவாளம் இல்லை. சென்னைத் துறைமுகமோ ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால்!

திட்டங்களுக்குக் குறைவில்லை. 2008-ல் மத்திய அரசு தேசியச் செயல் திட்டம் வகுத்தது. அதையொட்டி யூனியன் பிரதேச நிர்வாகமும் ஒன்றைத் தயாரித்தது. 2016 மே மாதம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இந்நகரம் இடம் பிடித்தது. அத்திட்டம் 2025 மார்ச்சுடன் முடிந்தது. ரட்லாண்ட் தீவிலிருந்து கடலடிக் குழாய் மூலம் நீர் கொண்டுவரும் யோசனையும் வெகுநாளாகப் பேசப்படுவதே.

மின்சாரத்தில் ஓரளவு முன்னேற்றம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கப்பலில் வரும் டீசலை எரித்தே விளக்கேற்றிய ஊரில், நம் நெய்வேலி நிறுவனம் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை, பேட்டரி சேமிப்புடன், அமைத்தது. ஆனால் சூரியன் மறைந்த பிறகு டீசல்தான் இன்றும் பெரும் துணை.

கடல் மட்டம் உயரும் என்பதை இவ்வூரார்க்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. (வட அந்தமான் பக்கம் நிலம் உயர்ந்தது என்பது வேறு கதை.) சிப்பிகாட் வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள், ஒரு காலத்தில் நெல் விளைந்த வயல்களில் உப்பு நீர் நிற்பதைப் பார்க்கிறார்கள். அது பருவநிலை மாற்றத்தின் விளைவல்ல. ஆயினும், கடல் ஒரு மீட்டர் ஏறினால் தாழ்வான பகுதிகளின் கதி என்ன என்பதற்கு அதைவிடத் தெளிவான வரைபடம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. அப்படியிருக்க, தாழ்ந்த நிலத்தில் புதுக் கட்டிடம் எழும்ப அனுமதிப்பது விவேகமல்ல.

மீண்டும் தண்ணீருக்கு வருவோம். 100 சதுர மீட்டர் கூரையில் 3,000 மில்லி மீட்டர் மழை விழுந்தால் அது 3 லட்சம் லிட்டர். ஐந்து பேர் உள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 40 லிட்டர் போதும் என்று வைத்துக்கொண்டால், 5,000 லிட்டர் தொட்டி நாலு மாத வறட்சியைத் தாங்கும். குளிக்கவும் துவைக்கவும் குழாய் நீரை நம்பலாம். குடிநீருக்குக் கையேந்த வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே நிலத்தில் இறக்கினார்கள். இங்கே நிலம் பிடித்து வைக்காது, தொட்டியில்தான் பிடிக்கவேண்டும்.

ஆனால் தொட்டி வைப்பது யார்? இங்குதான் நம்மவர் பிரச்சினை எழுகிறது. 2011 கணக்குப்படி இத்தீவுகளில் தமிழ் பேசுவோர் சுமார் 15 சதவீதம். இவர்களில் கொத்தனார், மஸ்தூர், கடைச் சிப்பந்தி, குமாஸ்தா எனப் பலர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். மாதக் கூலியில் பாதியை வாடகைக்குக் கொடுப்பவன் அடுத்தவர் கூரையின் கீழ் சொந்தச் செலவில் தொட்டி கட்டமாட்டான். வீட்டுக்காரருக்கோ அவசரமில்லை, குடித்தனக்காரர் குடத்தோடு நிற்பதால் அவர் வாடகை குறைவதில்லை. மானியம் கொடுத்தாலும் அது சொந்த வீட்டுக்காரரோடு நின்றுவிடும்.

இதற்கு வழியில்லாமல் இல்லை. நகரின் பெரிய வீட்டுக்காரர் அரசேதான். தன் குவார்ட்டர்ஸ் கூரைகளிலிருந்தே அது தொடங்கலாம். வாடகைக்கு விடும் வரிசை வீடுகளுக்கு, குடித்தனத்துக்கு இத்தனை லிட்டர் தொட்டி என்று விதித்து, அது இருந்தால்தான் உரிமம் என்று நகராட்சி சொல்லலாம். அடுத்த மழை மே மாதக் கடைசியில் இறங்கும். கூரைக்குத் தகரக் குழாய் மாட்ட அதுவரைதான் அவகாசம்.