எழுத்தைப் படமாக்கும் விந்தை!

தம்பி, அரசு அறிவிப்புகள் பல பிறக்கும் விதத்தைப் பார்! கணினியில் எழுத்தாகப் பிறக்கின்றன. தாளில் அச்சாகின்றன, கையொப்பம் பெறுகின்றன. பிறகு ஸ்கேன் செய்யப்பட்டு, பி.டி.எஃப். என்ற பெயரில் வெறும் படமாக இணையத்தில் ஏறுகின்றன!

நமக்கு அது எழுத்து. பார்வையற்ற தோழருக்கோ, அவரது கணினியின் திரைவாசிப்பான் ஒலிக்க ஒரு சொல்லும் அற்ற ஊமைத்தாள்! உதவித்தொகையா, வேலைவாய்ப்பா, விண்ணப்பத்தின் கடைசி நாளா, எதற்கும் அடுத்தவர் வாயை அவர் எதிர்பார்க்க வேண்டும்.

சட்டம் இல்லையா? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 42ஆம் பிரிவு இருக்கிறது. அணுகல் விதிகள் அறிவுரையாக நின்றால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. மின்னணுச் சேவையை அணுகுவதும் வாழ்வுரிமையே என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

கோடிகள் வேண்டுமா? வேண்டாம்! யூனிகோடில் அடித்த எழுத்தை எழுத்தாகவே வெளியிடுங்கள். தலைப்பைத் தலைப்பென்று குறியுங்கள். படத்துக்கு ஒரு வரி விளக்கம் தாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. மென்பொருளே படித்துக் காட்டும். கையொப்பத்துக்கு என்ன வழி என்பார்கள். டிஜிட்டல் கையொப்பத்தை 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே ஏற்றுக்கொண்டதே!

புதுக் கதவு கேட்கவில்லை, தம்பி. திறந்திருந்த கதவைச் சாத்தாதீர் என்றுதான் கேட்கிறோம்!