ராத்திரி கிளம்பினால் ஒரு நாள் மிச்சமா?

குடும்பத்தோடு ஊட்டிக்குப் போவது என்று முடிவானதும் முதலில் பிறப்பது ஒரு வாட்ஸ்அப் குரூப். முதல் இரண்டு நாள், வழிக்குப் புளியோதரையா, சப்பாத்தியா என்ற சண்டை. மூன்றாம் நாள் சித்தப்பா ஒருவர், "வேன் நான் பேசிடறேன். நமக்குத் தெரிஞ்ச பையன்தான்" என்று வாய்ஸ் நோட் போடுவார். அதற்குப் பிறகு வேனைப் பற்றி குரூப்பில் வரும் ஒரே கேள்வி, "கிலோமீட்டருக்கு எவ்வளவாம்?"

ரேட் படிந்ததும் அடுத்த யோசனையும் சித்தப்பாவிடமிருந்தே வரும். "வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பிடுவோம். தூங்கிட்டே போயிடலாம். ஒரு நாள் மிச்சம், ரூம் வாடகையும் மிச்சம்."

எல்லோரும் கட்டைவிரல் உயர்த்துவார்கள். அந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை, பணத்தில். வேன் வாடகையில் பெரும்பாலும் நாள் என்பது காலண்டர் நாள்தான். நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி மறுநாள் நள்ளிரவு 12 வரை. ஒவ்வொரு நாளுக்கும் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு கணக்கும் உண்டு. 250, 300 என்று வண்டியைப் பொறுத்து மாறும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த தூரத்துக்குப் பணம் கொடுத்தாக வேண்டும்.

திருச்சியிலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். போய்வர 600, ஊட்டியில் சுற்ற ஒரு 50 என்று வைத்தால் மொத்தம் 650. வெள்ளி இரவு பத்து மணிக்குக் கிளம்பி ஞாயிறு இரவு திரும்பினால், வெள்ளிக்கிழமையின் அந்த இரண்டு மணி நேரமும் ஒரு முழு நாளாகக் கணக்கில் ஏறிவிடும். நாளுக்கு 300 வீதம் மூன்று நாளைக்கு 900 கிலோமீட்டர். ஓடியது 650, காசு 900-க்கு. கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று பேசியிருந்தால் 22,500 ரூபாய். அதே வண்டி சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பியிருந்தால் இரண்டே நாள், 16,250 ரூபாய். வித்தியாசம் 6,250. ஒரு நாள் டிரைவர் பேட்டாவும் குறையும். மிச்சம் பிடிக்கப் போட்ட திட்டம், ஒரு ரூம் வாடகைக்கு மேலேயே செலவு வைத்துவிடுகிறது.

சிலர் கிளம்பும் நேரத்திலிருந்து 24 மணி நேரத்தை ஒரு நாளாக எடுப்பதும் உண்டு. அதனால், "நாள் கணக்கா, மணிக் கணக்கா?" என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கிலோமீட்டர் எங்கிருந்து ஓட ஆரம்பிக்கும் என்பதும் முக்கியம். வீட்டு வாசலிலிருந்து என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கும். வண்டிக்காரருக்கு அது ஷெட்டிலிருந்து ஷெட் வரை.

இரண்டாவது ஓட்டைதான் பெரியது. இரவு பத்து மணிக்குத் திருச்சியில் கிளம்பும் வண்டி மேட்டுப்பாளையத்தைத் தொடும்போது மணி மூன்று. கண் தானாகச் செருகும் நேரம் அது. குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிப்பதும் அங்கேதான். பின்னால் பதினேழு பேரும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்க, விழித்திருக்க வேண்டியவர் ஒருவர் மட்டும். அவரோடு பேச்சுக் கொடுக்கிறேன் என்று முன் சீட்டில் உட்கார்ந்த மாமா கரூர் தாண்டும்போதே குறட்டைக்குப் போயிருப்பார்.

இத்தனைக்கும் பிறகு காலை ஐந்து மணிக்கு ஊட்டியில் இறங்கினால் ரூம் கிடைக்குமா என்றால், செக்-இன் பெரும்பாலும் பகல் 12 மணிக்குத்தான். கைக்குழந்தையும் முழங்கால் வலிக்காரப் பாட்டியும் அந்தக் குளிரில் டீக்கடை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

ரேட் கேட்கும்போதே கேட்க வேண்டிய, ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. "வர்ற டிரைவருக்கு முந்தின நாள் எங்கே டிரிப்?" முகூர்த்த நாட்களிலும் சபரிமலை சீசனிலும் ஒரு டிரிப் முடிந்து வண்டியைக் கழுவிய ஈரம் காய்வதற்குள் அடுத்த டிரிப்புக்கு அனுப்பிவிடுவது உண்டு. வண்டிக்கு அது ஒத்துக்கொள்ளும். மனிதருக்கு ஒத்துக்கொள்ளாது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். "நைட் தூங்கிட்டுத்தான் வருவாரு சார்" என்று உடனே பதில் வந்தால் நல்லது. இழுத்தால், வேறு வண்டி பார்க்கலாம்.

விடியற்காலைப் பயணத்திலும் இந்தக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. ஐந்து மணிக்கு வாசலில் நிற்க வேண்டியவர் முந்தின இரவு ஒன்பது மணிக்காவது படுத்திருக்க வேண்டும்.

அடுத்து அந்த 'தெரிஞ்ச பையன்' வண்டி. நம்பர் பிளேட் மஞ்சளில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. வெள்ளையில் கறுப்பு என்றால் சொந்த உபயோக வண்டி, அதை வாடகைக்கு விட அனுமதி கிடையாது. வெள்ளை போர்டு சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால், விபத்து என்று வந்துவிட்டால், 'வாடகைக்கு ஓட்டினீர்கள்' என்ற ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கப் பார்க்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அந்த வாதத்தைக் கேட்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம்.

மஞ்சள் போர்டு என்பது மட்டும் போதாது. வண்டி நம்பரை முந்தின நாளே வாங்கி எம்-பரிவாஹன் செயலியில் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். வாடகை வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. எடுக்க வேண்டும். முந்தின நாள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேசும்போது போட்டோவில் காட்டிய புது வண்டி ஒன்று, வாசலுக்கு வரும் வண்டி வேறொன்று என்பது இந்தத் தொழிலில் சகஜம். "அந்த வண்டி கல்யாண டிரிப்புல மாட்டிக்கிச்சுண்ணே" என்பார்கள். அப்போது மணி ஐந்து, பைகள் எல்லாம் தெருவில். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது.

'பதினெட்டு சீட்' என்றால் டிரைவரைச் சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண்ணிக்கை டிரைவரையும் சேர்த்துத்தான். "ரெண்டு பொடிசுங்க மடியில உட்காந்துக்கும்" என்று கடைசி நிமிடத்தில் ஏறும் கூட்டம், பிரேக் பிடிக்க வேண்டிய எடையையும் ஏற்றிக்கொண்டேதான் போகிறது.

பிரேக் என்றதும் சொல்ல வேண்டியது, மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. 2023 செப்டம்பர் 30-ஆம் தேதி, தென்காசி மாவட்டத்திலிருந்து ஊட்டிக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்தவர்களின் பேருந்து குன்னூர் மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்து பல உயிர்கள் போயின. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டிப் பழகியவர்களின் பால பாடம். கியர் வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடேறாது. பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் சூடாகி, ஒரு கட்டத்தில் பிடிப்பு விட்டுப்போகும். இறங்கும் வழியில் கருகல் வாடை அடித்தால், "அண்ணே, கொஞ்சம் ஓரங்கட்டுங்க, டீ சாப்பிடலாம்" என்று சொல்லத் தயங்கவே கூடாது. இந்த டிரைவர் மலை ஓட்டியிருக்கிறாரா என்று முதலிலேயே கேட்பது இன்னும் நல்லது.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். வண்டிக்கு ஒன்று, ஆன்லைனில் எடுக்கலாம். யார் எடுப்பது என்று பேசி வைக்காவிட்டால் வழியில் நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ள நேரிடும். ஊட்டியிலிருந்து முதுமலைக்கு மேப் காட்டும் குறுக்கு வழி கல்லட்டி. 36 கொண்டை ஊசி வளைவுகளோடு செங்குத்தான சாலை. வெளியூர் வண்டிகள் அதில் இறங்க அனுமதி இல்லை. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். "மேப்ல கிட்டக்கதானே காட்டுது" என்று டிரைவரை நச்சரிப்பதில் பலன் இல்லை.

கடைசியாக, ஊட்டியில் அந்த இரவு. குடும்பம் ரஜாய்க்குள் சுருண்டிருக்கும்போது டிரைவர் எங்கே இருப்பார்? பல இடங்களில் வண்டியின் பின் சீட்டில், ஒரு போர்வையோடு. ஹோட்டல், விடுதிகளில் விருந்தினரோடு வரும் டிரைவர்களுக்குப் படுக்கையும் கழிவறையும் உள்ள தங்குமிடம் வேண்டும் என்று தமிழக அரசு 2023-இல் கட்டட விதிகளைத் திருத்தியது. அறை போடும்போது, "டிரைவருக்கு இடம் இருக்கா?" என்று கேட்டாலே சில இடங்களில் சாவி வந்துவிடும். இல்லை என்றால் பக்கத்தில் ஒரு படுக்கைக்கு ஆகும் பணத்தைக் குடும்பக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளி இரவு கிளம்பாததில் மிச்சமான 6,250 ரூபாய் கையில் இருக்கிறதே.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஊட்டியை விட்டால் வெளிச்சத்திலேயே மலை இறங்கி, வழியில் சாப்பிட்டு, பத்து மணி வாக்கில் திருச்சி. வர்க்கி வாங்கப்போன அத்தைகளுக்காக நான்கு மணி வரை நின்றால் பன்னிரண்டைத் தொட்டுவிடும். பன்னிரண்டு தாண்டினால், திங்கள்கிழமையும் ஒரு நாள்.