கையைக் குறை சொல்லுமுன் அயனைப் பாருங்கள்

பள்ளி விடுமுறையில் என் அக்காள் மகன் செராஸ், தாமான் மிடாவிலிருந்து ஒரு பையோடு வந்தான். உள்ளே, எல்இடி விளக்குகள் மினுக்கும் சிறிய மின்சுற்று ஒன்று பாதியில் நின்றிருந்தது. பலகையெங்கும் உருண்டை உருண்டையாகப் பற்றாசு. இரண்டு இடங்களில் செப்புத் தகடே பெயர்ந்துவிட்டது. "எனக்குக் கை வராது மாமா, விட்டுடுறேன்" என்றான். அவனுடைய சோல்டரிங் அயனை வாங்கிப் பார்த்தேன். கறுத்துப்போன கூர்முனை, ஆடும் திருகு, வயரின் நுனியில் இரண்டு முள் பிளக். கோளாறு அவன் கையில் இல்லை.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் 'பெசி பாத்தெரி' என்று நீங்கள் அறிந்த அதே கருவிதான். "முதல் அயன்தானே, இருப்பதிலேயே மலிவானது போதும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழகிய கை மோசமான அயனை வைத்தும் ஒப்பேற்றிவிடும். புதிதாகக் கற்பவருக்கு எது தன் தவறு, எது கருவியின் தவறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு விலகிவிடுகிறார்.

மிக மலிவான அயனில் வெப்பக் கட்டுப்பாடு கிடையாது. சுவிட்சைப் போட்டால் அதன் சூடேற்றி முழு வேகத்தில் எரிந்துகொண்டே இருக்கும். சும்மா வைத்திருக்கும்போது முனை 400 டிகிரி செல்சியசையும் தாண்டலாம். தடித்த செப்புப் பகுதியைத் தொட்டதும் சூடு சட்டென்று இறங்கும், பற்றாசு உருகாது. நீங்கள் அழுத்திப் பிடித்துக் காத்திருப்பீர்கள். அந்த நேரத்தில் செப்பைப் பலகையோடு ஒட்டியிருக்கும் பசை இளகித் தகடு கழன்றுவிடும்.

கட்டுப்பாடுள்ள அயனுக்குள் ஓர் உணரி இருக்கிறது. சூடு குறைந்தால் மின்சாரத்தைக் கூட்டும், ஏறினால் நிறுத்தும். இங்கே பலர் குழம்புவது 'வாட்' என்ற சொல்லில். வாட் என்பது வெப்பநிலை அல்ல; ஒரு விநாடிக்கு எவ்வளவு ஆற்றல் கொடுக்க முடியும் என்பதன் அளவு. எனவே கட்டுப்பாடுள்ள 60 வாட் அயன், கட்டுப்பாடில்லாத 30 வாட் அயனைவிடப் பலகைக்குப் பாதுகாப்பானது.

பற்றாசுக் கம்பியும் எல்லாம் ஒன்றல்ல. 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்தது 183 டிகிரியில் உருகும். காரீயம் இல்லாத வகைகள் பெரும்பாலும் 217 முதல் 227 டிகிரி வரை கேட்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியதால் இவை பரவின. வீட்டில் தம்பி தங்கைகள் இருந்தால் நான் காரீயம் இல்லாததையே சொல்வேன். அயனை 350 டிகிரியில் வைத்தால் நன்றாகவே ஓடும். காரீயக் கம்பியைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். எழும்பும் புகை காரீயத்தின் ஆவி அல்ல, கம்பிக்குள் இருக்கும் பிசின் எரிவது. ஆனாலும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. சன்னலைத் திறந்து வையுங்கள்.

வெள்ளீயம் நமக்கு அந்நியமல்ல. செராஸுக்குத் தெற்கே மைன்ஸ் ஏரி இருக்கிறதே, அது ஒரு காலத்தில் ஈயச் சுரங்கம். பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்க விடமாட்டார்; தூய வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் நவச்சாரம் தேய்ப்பதும் கம்பிக்குள் பிசின் இருப்பதும் ஒரே வேலைக்குத்தான். உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடை நீக்கினால்தான் ஈயம் ஒட்டும்.

அயனின் முனைக்கும் அப்படித்தான். ஈரப் பஞ்சில் துடைத்து, புதிதாகக் கொஞ்சம் ஈயம் பூசி அணைத்து வையுங்கள். கறுத்துவிட்டது என்று அரத்தால் ராவினால் மேலுள்ள மெல்லிய இரும்புப் பூச்சு போய், உள்ளே இருக்கும் செம்பு சீக்கிரமே அரித்துவிடும். ஊசிமுனையைவிட 2, 3 மில்லிமீட்டர் அகலமுள்ள உளிமுனை நல்லது. தொடும் பரப்பு அதிகம், சூடு வேகமாக இறங்கும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது அந்த இரண்டு முள் பிளக்கைப் பார்த்துத்தான். நம் வீட்டு மூன்று துளை சாக்கெட்டில் மேல்துளையைப் பேனாவால் குத்தித் திறந்து அதைச் செருகுகிறார்கள். அந்த மேல்துளை புவியிணைப்புக்கானது. அயனுக்குள் மின்காப்பு பழுதானால் உலோகத் தண்டில் மின்சாரம் ஏறும். புவிக்கம்பி இருந்தால் அது வழியாகப் போய்ப் பாதுகாப்புச் சுவிட்ச் விழுந்துவிடும். இல்லையென்றால் அதற்கு வழி உங்கள் உடல்தான். அடாப்டர் போட்டாலும் இல்லாத புவிக்கம்பி வந்துவிடாது. மூன்று முள் பிளக்கும் அதில் சிரிம் முத்திரையும் இல்லாவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

செராஸ் எல்ஆர்டி நிலையத்திலிருந்து இரண்டாவது நிறுத்தம் பூடு. அங்கே ஜாலான் பாசாரில் மின்னணுப் பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இணையத்தில் சில ரிங்கிட் குறையலாம். கடையில் பிளக்கைக் கண்ணால் பார்க்கலாம், மாற்று முனை தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்கலாம். முனை கிடைக்காத அயன் ஒரு வருடப் பொருள்தான். இலக்கத் திரையெல்லாம் வேண்டாம். வெப்பத்தைத் திருகி மாற்றும் வசதி போதும். அயன் வைக்கும் தாங்கியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பணம் இல்லையென்றால் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். பள்ளிகளுக்கும் இதையே சொல்வேன். இருபது மோசமான அயன்களுக்குப் பதில் ஆறு நல்லவை போதும், முறை வைத்துக்கொள்ளலாம்.

அக்காள் மகனோடு ஒரு சனிக்கிழமை ஜாலான் பாசார் போய் வந்தோம். பெயர்ந்த தகடுகளுக்குப் பதிலாகக் கம்பித் துண்டுகளை அவனே பற்றவைத்தான். ஒரு விளக்கு மினுக்கியது, மற்றொன்று எரியவில்லை. பார்த்தால் எல்இடியைத் தலைகீழாக வைத்திருக்கிறான். அதற்கு அயன் பொறுப்பில்லை.