பெயரில் எது ‘சிறப்பு எழுத்து’?

ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்தில், புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் பெயரில் ஓர் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. குடும்பப் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி முன்னே நிற்பது தெலுங்கு வழக்கம். ‘சிறப்பு எழுத்துகளுக்கு அனுமதி இல்லை’ என்று அறிவிக்கும் இணையப் படிவம் ஒன்றில், அப்பெயரின் இரண்டு புள்ளிகளும் பிழையாகிவிடும். மாணவருக்கு இது சிறு தொல்லையன்று. சான்றிதழில் ஒரு வடிவமும் விண்ணப்பத்தில் வேறொரு வடிவமும் பதிவானால், விளக்கம் கேட்கப்படுபவர் மாணவரே. விதியை எழுதியவர் அல்லர்.

அந்த விதி பெரும்பாலும் ஒற்றை வரியிலான ரெகுலர் எக்ஸ்பிரஷன். எந்த எழுத்துகள் வரலாம் என்பதை அதுவே முடிவு செய்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் ‘சொல்லெழுத்து’ என்பதைக் குறிக்கும் சுருக்கக் குறி 63 வடிவங்களை மட்டுமே ஏற்கும்: ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துகள் 52, எண்கள் 10, அடிக்கோடு 1. இந்திய மொழி எதற்கும் அதில் இடமில்லை.

யூனிகோடு வகைப்பாட்டைப் பயன்படுத்தினாலும் சிக்கல் முழுதாகத் தீர்வதில்லை. ‘தமிழ்’ என்னும் சொல் கணினியில் ஐந்து குறிகளாகப் பதிவாகிறது. அவற்றுள் த, ம, ழ ஆகிய மூன்றே ‘எழுத்து’ வகையைச் சேர்ந்தவை. இகரக் குறியும் மெய்ப்புள்ளியும் ‘ஒட்டுக்குறி’ வகையில் அடங்குகின்றன. ‘எழுத்துகளை மட்டும் ஏற்க’ என்று கட்டளையிட்டால் அச்சொல்லே நிராகரிக்கப்படும். மற்றவற்றை நீக்கச் சொன்னால் ‘தமழ’ எஞ்சும். தெலுங்கில் ‘சாஃப்ட்வேர்’ என்று எழுதும்போது, எழுத்துகள் கூட்டெழுத்தாகிவிடாமல் தடுக்கக் கண்ணுக்குப் புலப்படாத ஒரு குறி இடப்படுவதுண்டு. மென்பொருளால் பெயர் பெற்ற நகரத்தின் படிவமொன்று, அந்தச் சொல்லையே ஏற்க மறுக்கக்கூடும்.

இத்தடைக்குச் சொல்லப்படும் காரணம் பாதுகாப்பு. ஆனால் உலாவியில் நிகழும் சோதனையைத் தவிர்த்து, வழங்கிக்கு நேரடியாகத் தரவை அனுப்ப எவராலும் இயலும். தரவுத்தளத் தாக்குதலைத் தடுப்பதற்குரிய முதன்மையான வழி, வினவலின் கட்டளையையும் பயனர் தரும் மதிப்பையும் பிரித்து அனுப்புவதாகும். பக்கத்தில் தீங்கு நிரல் நுழைவதைத் தடுப்பது, காட்டப்படும் இடத்திற்கேற்ப வெளியீட்டை மாற்றிக் குறிப்பதாகும். இவை முறையாக அமைந்தால், பெயரிலுள்ள மேற்கோள் குறியும் வெறும் தரவே.

கட்டுப்பாடே கூடாது என்பதன்று வாதம். 500 எனத் தொடங்கும் ஹைதராபாத்தின் 6 இலக்க அஞ்சல் குறியீட்டுக்கு எண் விதி மிகப் பொருத்தமானது. அதன் வடிவம் முன்னரே வரையறுக்கப்பட்டது. பெயருக்கு அத்தகைய வரையறை இல்லை. பெயர்ப் புலத்தில் எழுத்துகளோடு ஒட்டுக்குறிகள், இடைவெளி, புள்ளி, மேற்கோள் குறி, இணைப்புக்கோடு, எழுத்திணைவைக் கட்டுப்படுத்தும் குறிகள் ஆகியவற்றையும் ஏற்பதே முறை.

நிரலாக்க வகுப்புகளில் மாதிரிப் படிவம் எழுதும் மாணவர், வகுப்பின் வருகைப் பதிவேட்டிலுள்ள பெயர்களை அவரவர் தாய்மொழியில் இட்டுச் சோதிக்கட்டும். ஒரு பெயரேனும் நிராகரிக்கப்பட்டால், திருத்த வேண்டியது விதியைத்தான்.